கொல்லிமலை மண்ணும் மேட்டூர் மின்சாரமும்: அலுமினியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவானிக்கு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேதியியல் நடத்தினேன். பன்னிரண்டாம் வகுப்பில் அலுமினியம் பிரித்தெடுக்கும் முறை சில பத்திகளில் முடிந்துவிடும். பாடம் முடிந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். மாணவர்கள் கேட்பார்கள், அவர்களுடைய அம்மாக்கள் கேட்பார்கள், கோவையில் பவுண்டரி வைத்திருக்கும் பழைய மாணவர்கள் போன் செய்து கேட்பார்கள். நம் மலையில் மண் எடுத்து, நம் ஆற்றங்கரையில் உலோகமாக்கிய தொழில் இது. இதைப் பற்றி நம் பிள்ளைகள் மனப்பாடமாக மட்டும் அறிந்திருப்பது எனக்கு எப்போதும் வருத்தம். அதனால் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மண்ணில் இரும்பைவிட அலுமினியம் அதிகம் என்கிறார்கள். பிறகு ஏன் இரும்பு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கைக்கு வந்தது, அலுமினியம் இவ்வளவு தாமதமாக வந்தது?

உண்மைதான். பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் அலுமினியம் சுமார் 8 சதவீதம், இரும்பு சுமார் 5 சதவீதம். இந்தக் கேள்விக்கு விடை நம் ஊரிலேயே கிடக்கிறது.

சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். அங்கே அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. நீலக்கல், படிகம், சூதுபவளம் போன்ற கற்களை அறுத்து மெருகேற்றி மணிகளாக்கிய தடயங்களும் கிடைத்தன. நீலக்கல் என்பது என்ன? அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினியம் ஆக்சைடு. அதில் இம்மியளவு இரும்பும் டைட்டானியமும் கலந்ததால் நீலம் ஏறியிருக்கிறது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலைப் பாறைகளில் இருக்கும் குருந்தக்கல்லும் அதே பொருள்தான். உலகம் முழுவதும் அந்தக் கனிமத்தைக் 'கொரண்டம்' என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயர் நம் 'குருந்தம்' என்ற சொல்லில் இருந்து போனது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆக, ஒரே ஊரில் ஒரு பக்கம் இரும்புத் தாது, இன்னொரு பக்கம் அலுமினியத்தின் ஆக்சைடு. முதலாவதை உருக்கி உலோகமாக்கினார்கள். இரண்டாவதை மெருகேற்றி மாலையில் கோத்தார்கள். அவர்கள் கைத்திறனில் குறை ஏதும் இருக்கவில்லை. இரும்பு ஆக்சைடில் இருந்து ஆக்சிஜனைப் பிரிக்கக் கரி போதும். துருத்தி ஊதி 1,200 டிகிரி அளவுக்குச் சூடேற்றிவிட்டால் கரி அந்த ஆக்சிஜனைத் தன்னோடு இழுத்துக்கொண்டு புகையாகப் போய்விடும். அலுமினியம் ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் பிடி அதைவிடப் பல மடங்கு இறுக்கமானது. கரியால் அதைப் பிரிக்க வேண்டுமானால் 2,000 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அப்போதும் தனி உலோகம் கைக்கு வராது; பிரிந்த அலுமினியம் கரியோடு சேர்ந்து கார்பைடாகிவிடும்.

கரி தோற்கிற இடத்தில் மின்சாரம்தான் வழி. அது கைகூடுவதற்கு முன்பு, 1825இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட், 1827இல் ஜெர்மனியில் வோலர், 1854இல் பிரான்சில் தெவில் என்று பலரும் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் கொண்டு அலுமினியத்தைப் பிரித்தார்கள். அந்தப் பொட்டாசியமும் சோடியமுமே விலை மிகுந்தவை என்பதால் அலுமினியம் நகைக்கடைப் பொருளாகவே இருந்தது. 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் பெருமையோடு ஓர் அலுமினியக் கூம்பை வைத்தார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதே உலோகத்தை மின்சாரத்தால் மலிவாகப் பிரிக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது.

பாக்சைட் என்பது பாறையா, மண்ணா? ஏற்காட்டில் அது எப்படி வந்தது?

அலுமினியத்தின் தாதுவான அது இரண்டுக்கும் இடைப்பட்டது. சேர்வராயன் மலை, கொல்லிமலை இரண்டின் அடிப்பாறையும் சார்னோக்கைட் என்ற கடினமான பழம்பாறை. மலையுச்சியின் சமதளத்தில் மழை பெய்து, நீர் தேங்கி, மெல்ல உள்ளே இறங்கும். லட்சக்கணக்கான ஆண்டுகள் இது நடந்தால் பாறையில் உள்ள சோடியம், கால்சியம், சிலிக்கா எல்லாம் கரைந்து போய்விடும். கரையாத அலுமினியமும் இரும்பும் மட்டும் நீரேறிய ஆக்சைடாக மேலே தங்கிவிடும். ஏற்காட்டுச் சாலையில் வெட்டுச்சரிவுகளில் செம்மண்ணுக்கு நடுவே வெளிறிய கட்டிகளைப் பார்த்தால் அவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சரிவான இடத்தில் நீர் ஓடிவிடும், ஊறாது. அதனால்தான் பாக்சைட் மலையின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கிறது, அடிவாரத்தில் இல்லை.

பெயர் மட்டும் வெளியூர்ப் பெயர். 1821இல் பிரான்சின் லே போ என்ற சிற்றூர்ப் பக்கம் பெர்த்தியே என்பவர் இதை அடையாளம் கண்டார். ஊர்ப்பெயரே தாதுவின் பெயராகிவிட்டது.

அந்தத் தாதுவை அப்படியே மின்தொட்டியில், அதாவது மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரிக்கும் தொட்டியில், போட்டால் என்ன?

போட்டால் அலுமினியத்தைவிட எளிதாகப் பிரியும் இரும்பும் சிலிக்கானும் முதலில் உலோகத்தில் இறங்கிவிடும். கையில் கிடைப்பது நொறுங்கும் கலவை. அலுமினியம் உருகிய நிலைக்கு வந்த பிறகு இரும்பை நீக்குவது மிகவும் கடினம். அதனால் சுத்தம் செய்வதை முதலிலேயே முடித்துவிட வேண்டும். இதற்கு 1887இல் வழி கண்டவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் யோசஃப் பேயர்.

அரைத்த பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில், அழுத்தக் கலனில், தாதுவின் வகையைப் பொறுத்து 140 முதல் 250 டிகிரி வரை வேகவைப்பார்கள். அலுமினியம் மட்டும் சோடியம் அலுமினேட்டாகக் கரையும். இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் ஆக்சைடும் கரையாமல் செஞ்சேறாக அடியில் தங்கும். வடிகட்டிய தெளிந்த கரைசலை ஆறவிட்டு, அதில் ஏற்கெனவே செய்து வைத்த அலுமினியம் ஹைட்ராக்சைடு தூளைக் கொஞ்சம் தூவுவார்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போல என்று மாணவர்களுக்குச் சொல்வேன். தூவிய துகளைச் சுற்றிக் கரைசலில் இருப்பதும் படிந்து படிகமாக வளரும். அந்தப் படிகத்தைக் கழுவி, 1,000 டிகிரிக்கு மேல் வறுத்து, நீரை விரட்டினால் வெள்ளைத் தூள் கிடைக்கும். அதுதான் அலுமினா. பார்ப்பதற்கு மணல் மணலாகப் பொடித்த சர்க்கரை போல இருக்கும். கொடுமணல் நீலக்கல்லில் நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவதும் வேதியியல் கணக்கில் இதே பொருள்தான்.

நான்கைந்து டன் பாக்சைட்டில் இரண்டு டன் அலுமினா, அதில் ஒரு டன் அலுமினியம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செஞ்சேறு எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை, அதுதான் பிரச்சினை. ஒரு டன் அலுமினாவுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை டன் சேறு மிஞ்சும். காஸ்டிக் சோடா கலந்திருப்பதால் தோலைப் பொசுக்கிவிடும் காரத்தன்மை. அணைகட்டித் தேக்கி வைக்கிறார்கள். 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியில் அய்க்கா என்ற ஊரில் அப்படியொரு தேக்கம் உடைந்து ஊருக்குள் பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் இதைப் பயன்படுத்தும் முயற்சிகள் நடக்கின்றன. உருவாகும் அளவோடு ஒப்பிட்டால் பயன்படும் அளவு மிகக் குறைவு. பாடப்புத்தகம் 'சேறு நீக்கப்படுகிறது' என்று ஒரே சொல்லில் கடந்துவிடும் இடத்தில் நான் எப்போதும் ஐந்து நிமிடம் நிற்பேன்.

அலுமினியம் உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்னாற்பகுப்பு (மின்சாரம் பாய்ச்சிப் பிரிப்பது) செய்ய முடியாதா? தாமிரத்தை அப்படித்தானே செய்கிறோம்?

தாமிரம் எலக்ட்ரானை எளிதில் ஏற்கும். அலுமினியம் அயனி எளிதில் ஏற்காது. தண்ணீர் இருந்தால் எலக்ட்ரான் அலுமினியத்திடம் போவதற்குள் தண்ணீர் அதை வாங்கி ஹைட்ரஜனாகக் குமிழியிட்டுவிடும். எத்தனை நாள் மின்சாரம் பாய்ச்சினாலும் உலோகம் வராது. தண்ணீரே இல்லாத திரவம் வேண்டும்.

கிரையோலைட் அலுமினாவின் உருகுநிலையைக் குறைக்கிறது என்று படித்தோம். எப்படிக் குறைக்கிறது?

'குறைக்கிறது' என்று சொல்வதைவிட 'கரைக்கிறது' என்பதே சரியான சொல். கற்கண்டை உருக்க வேண்டுமானால் 180 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும், கருகியும் போகும். அதையே வெந்நீரில் போட்டால் தானாகக் கரைகிறது. அலுமினாவும் அப்படித்தான். அதன் உருகுநிலை 2,050 டிகிரிக்கு மேல். அந்த வெப்பத்தில் எந்தத் தொட்டியும் நிற்காது. கிரையோலைட் என்பது சோடியம், அலுமினியம், ஃபுளூரின் மூன்றும் சேர்ந்த உப்பு. சுமார் 1,010 டிகிரியில் உருகும். அந்த உருகிய உப்பு அலுமினாவைக் கரைக்கும். கொஞ்சம் அலுமினியம் ஃபுளூரைடும் கால்சியம் ஃபுளூரைடும் சேர்த்தால் தொட்டியை 950, 960 டிகிரியிலேயே நடத்தலாம். கிரையோலைட் இங்கே கரைப்பான். அலுமினா எந்நேரமும் அதில் நூற்றுக்கு இரண்டு முதல் ஆறு பங்குதான் கரைந்திருக்கும்.

இயற்கையான கிரையோலைட் கிரீன்லாந்தில் இவிட்டூட் என்ற ஒரே இடத்தில்தான் பேரளவில் கிடைத்தது. அந்தச் சுரங்கம் 1987இல் மூடப்பட்டது. இப்போது செயற்கையாகவே செய்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது. அமெரிக்காவில் ஓபர்லின் என்ற ஊரில் சார்லஸ் மார்ட்டின் ஹால், வயது 22. கல்லூரியில் பேராசிரியர் ஜூவெட் அலுமினியத்தைப் பற்றிப் பேசியது மனதில் தைத்துவிட, வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் தானே மின்கலங்களைச் செய்து சோதனை நடத்தினார். அதே கல்லூரியில் வேதியியல் படித்த அக்கா ஜூலியா உடன் இருந்தார். முதலில் ஒன்றும் சரியாக வரவில்லை. உருக்கப் பயன்படுத்திய களிமண் மூசையின் (கிண்ணத்தின்) சிலிக்கா உருகிய உப்பில் கரைந்து கெடுக்கிறது என்று புரிந்து, மூசைக்கு உள்ளே கரிப்பூச்சு கொடுத்தார். 1886 பிப்ரவரி 23 அன்று வெள்ளிபோலப் பளபளக்கும் சிறு உருண்டைகள் கிடைத்தன. அதே ஆண்டு, அதே வயதில், பிரான்சில் பால் ஹெரௌல்ட் தன் தந்தையின் தோல் பதனிடும் கூடத்தில் இதே முறையைக் கண்டார். ஒருவரை ஒருவர் அறிய மாட்டார்கள். இருவரும் 1863இல் பிறந்து 1914இல் இறந்தவர்கள். ஈரோட்டில் தோல் தொழிற்கூடத்து வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தபோது ஹெரௌல்ட் கதையைக் கூடுதல் ஆசையோடு சொல்வேன்.

தொட்டி எப்படி இருக்கும்? உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு பெரிய எஃகுப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் ஒரு பஸ் அளவுகூட இருக்கலாம், ஆழம் குறைவு. உட்புறம் முதலில் வெப்பம் தாங்கும் செங்கல், அதன்மேல் கரிக்கட்டிகள். அடியில் உள்ள கரியில் எஃகுக் கம்பிகள் பதித்து மின்சாரத்தை வெளியே எடுக்கிறார்கள். இந்தக் கரித்தளம்தான் எதிர்மின்வாய், அதாவது கேத்தோடு. மேலே இருந்து பெரிய கரிக்கட்டிகள் தொங்குகின்றன. அவை நேர்மின்வாய், அதாவது ஆனோடு. இரண்டுக்கும் நடுவே உருகிய கிரையோலைட். அதன் மேற்பரப்பு இறுகி ஓடாகி, வெப்பம் போகாமல் மூடிக்கொள்ளும். அந்த ஓட்டை உடைத்து அவ்வப்போது அலுமினாவை உள்ளே விடுவார்கள்.

பக்கச் சுவர் கிரையோலைட்டில் அரித்துப் போகாதா என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. அரிக்கும். அதனால் பக்கவாட்டை வேண்டுமென்றே கொஞ்சம் குளிர விடுகிறார்கள். உப்பே சுவரோரம் உறைந்து தோல்போலப் படிந்து சுவரைக் காக்கிறது.

எதிர்மின்வாயில் அலுமினியம் தலா மூன்று எலக்ட்ரான்களைப் பெற்று உலோகமாகிறது. இந்த வெப்பத்தில் உருகிய அலுமினியத்தின் அடர்த்தி சுமார் 2.3, உப்புக் குழம்பின் அடர்த்தி சுமார் 2.1. எனவே உலோகம் அடியில் தேங்குகிறது. மேலே உள்ள உப்பு அதைக் காற்றில் இருந்து காக்கிறது. இந்தச் சிறு வித்தியாசம் மாறி, உலோகம் மேலே மிதந்திருந்தால் கிடைத்ததெல்லாம் உடனே எரிந்து மறுபடி அலுமினாவாகியிருக்கும். உண்மையில் அடியில் தேங்கிய உலோகமே நடைமுறையில் எதிர்மின்வாயாகச் செயல்படுகிறது. நாளுக்கு ஒரு முறை போல, வெற்றிடக் குழாயால் உறிஞ்சிக் கொப்பரையில் எடுப்பார்கள். எல்லாவற்றையும் எடுப்பதில்லை, ஓர் அடுக்கை விட்டுவைப்பார்கள்.

நேர்மின்வாயில் ஆக்சிஜன் வருகிறது என்று எழுதினால் மதிப்பெண் உண்டா?

அதோடு நிறுத்தினால் பதில் பாதிதான். ஆக்சிஜன் பிறந்த இடமே 960 டிகிரியில் இருக்கும் கரி. உடனே அதோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடாக வெளியேறுகிறது. மொத்த வினையில் இரண்டு பங்கு அலுமினாவும் மூன்று பங்கு கரியும் சேர்ந்து நான்கு பங்கு அலுமினியமும் மூன்று பங்கு கார்பன் டைஆக்சைடும் வருகின்றன. கரி இங்கே வெறும் மின்கம்பி போல நிற்கவில்லை, தானும் வினையில் கரைகிறது. கரியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுப்பதால் தேவையான மின்னழுத்தமும் குறைகிறது. இதன் விலை என்னவென்றால், ஒரு டன் உலோகத்துக்கு 400 கிலோவுக்கு மேல் கரி தீரும். பெட்ரோலியக் கோக்கும் கரித்தாரும் பிசைந்து சுட்டுச் செய்த கட்டியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

எவ்வளவு மின்சாரம் ஆகும்? வீட்டுக் கணக்கில் சொல்லுங்கள்.

நானே கரும்பலகையில் போட்ட கணக்கைத் தருகிறேன். தொட்டி ஒன்றில் 1 லட்சம் ஆம்பியர் மின்னோட்டம், 4.2 வோல்ட் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். பாயும் மின்சாரத்தின் அளவுக்கேற்ப உலோகம் பிரியும் என்ற பேரடே விதிப்படி ஒரு நாளில் 805 கிலோ அலுமினியம் வர வேண்டும். கொஞ்சம் உலோகம் மறுபடி கரைந்து வீணாவதால் 94 சதவீதம் கிடைக்கிறது என்றால் 757 கிலோ. செலவான மின்சாரம் 420 கிலோவாட்டை 24 மணியால் பெருக்க 10,080 யூனிட். ஆக, கிலோவுக்கு 13.3 யூனிட்.

நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அதில் ஏழரைக் கிலோ அலுமினியம்தான் செய்ய முடியும். தோட்டத்துக் கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓட்டும் மின்சாரம் ஒரு கிலோ அலுமினியத்துக்குள் போயிருக்கிறது. நாள்தோறும் மோர் கொண்டுபோகும் தூக்குப்போசி 400 கிராம் இருந்தால் அதற்கு ஐந்து யூனிட்டுக்கு மேல்.

வேதிவினைக்கு மட்டும் கோட்பாட்டின்படி கிலோவுக்கு ஆறரை யூனிட்டுக்குக் குறைவாகவே போதும். மீதி? வெப்பமாகிறது. தொட்டியைச் சூடாக வைத்திருக்கத் தனி அடுப்பு இல்லை. குழம்பின் வழியே மின்னோட்டம் பாயும்போது எழும் சூடே அதை உருகிய நிலையில் வைக்கிறது.

ஒரு தொட்டிக்கு நான்கு வோல்ட்தான் என்பதால் நூற்றுக்கணக்கான தொட்டிகளை வரிசையாகக் கோத்து ஒரே மின்னோட்டத்தை எல்லாவற்றிலும் பாய்ச்சுகிறார்கள். இன்றைய பெரிய ஆலைகளில் அது 6 லட்சம் ஆம்பியர் வரை போகிறது. சுற்றிலும் எழும் காந்தப்புலத்தில் பையில் இருக்கும் சாவி இழுபடும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களை உள்ளே விட மாட்டார்கள்.

கரண்ட் போய்விட்டால்?

மின்வெட்டுக் காலத்தில் விசைத்தறி நின்றால் துணி நின்றது. கரண்ட் வந்ததும் தறி மறுபடி ஓடியது. இங்கே அப்படி இல்லை. நான்கைந்து மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனால் குழம்பும் உலோகமும் தொட்டிக்குள் கல்லாக உறைந்துவிடும். பிறகு கரண்ட் வந்தும் பயனில்லை. உறைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. கடப்பாரையும் துளைக்கருவியும் கொண்டு உடைத்தெடுத்து, கரிச்சுவரையும் புதிதாகக் கட்ட வேண்டி வரலாம். அதனால்தான் இந்தத் தொழில் தடையில்லாத மின்சாரத்தைத் தேடிப் போய் உட்காருகிறது.

தொட்டியில் அலுமினா தீர்ந்துவிட்டால் என்ன ஆகும்?

அளவு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே போனால் நேர்மின்வாய்க்கு அடியில் வாயுப்படலம் படர்ந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். நான்கு வோல்ட் திடீரென்று முப்பது வோல்ட் அளவுக்கு எகிறும். இதற்கு ஆனோடு விளைவு என்று பெயர். அந்தக் காலத்தில் தொட்டிக்குக் குறுக்கே ஒரு பல்பு மாட்டி வைத்திருப்பார்கள். சாதாரணமாக எரியாத பல்பு அப்போது பளிச்சென்று எரியும். தொழிலாளி ஓடிவந்து ஓட்டை உடைத்து அலுமினா போட்டு, பச்சை மரக்கழியை உருகிய குழம்புக்குள் குத்துவார். கழியில் இருந்து கிளம்பும் ஆவி குழம்பைக் கலக்கி அந்தப் படலத்தைக் கலைக்கும். இன்று கணினி மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே அலுமினாவைச் சிறுகச் சிறுக விடுகிறது. ஆனோடு விளைவின்போது கரியும் ஃபுளூரினும் சேர்ந்த வாயுக்கள் வெளியேறுகின்றன. கார்பன் டைஆக்சைடைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடிப்பவை, காற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் அழியாதவை. அதனால் இதைத் தடுப்பது காசு மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் அன்று.

மேட்டூரில் ஏன் ஆலை வந்தது? ஏன் நின்றது?

வந்ததற்குக் காரணம் வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது, நீர்மின்சாரம் வந்தது. காஸ்டிக் சோடா செய்யும் வேதித்தொழிலும் மேட்டூரில் இருந்தது. சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் பாக்சைட், காலடியில் காவிரித் தண்ணீர். மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, நாம் சொல்லும் மால்கோ, 1960இல் பதிவாகி, இத்தாலியத் தொழில்நுட்பத்தோடு 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுரங்கம், அலுமினா, உருக்குதல் மூன்றும் ஒரே வட்டாரத்தில் அமைந்தன. கேரளத்தில் ஆலுவாவில் 1943இலேயே உருக்காலை வந்துவிட்டது; அது வெளிநாட்டு அலுமினாவில் தொடங்கியது. நம் மண்ணில் எடுத்து நம் ஊரிலேயே முடித்த பெருமை மேட்டூருக்கு உண்டு.

பிறகு மின்சாரத்தின் கணக்கு மாறியது. ஆற்றுநீர் பருவத்தைப் பொறுத்தது, மாநிலத்தின் தேவையோ ஆண்டுதோறும் ஏறியது. ஆலை தனக்கென நிலக்கரி மின்நிலையம் அமைத்துக்கொண்டது. ஒடிசாவின் பஞ்சபத்மாலி போன்ற மலைகளோடு ஒப்பிட்டால் நம் மலைகளின் தாது கையளவுதான். 2008 நடுவில் டன்னுக்கு 3,000 டாலரைத் தாண்டி நின்ற உலக விலை, அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் மேட்டூரில் உருக்குதல் நின்றது.

மலையை வெட்டாமல் விட்டது நல்லது என்று கொல்லிமலையில் இருக்கும் என் பழைய மாணவர் சொல்வார். ஆலையில் வேலை பார்த்த அப்பாவின் மகள் வேறு மாதிரிச் சொல்வாள். இரண்டு பேர் சொல்வதையும் நான் மதிக்கிறேன்.

பள்ளி ஆய்வகத்தில் செய்து காட்ட முடியுமா?

கூடாது. 960 டிகிரி உப்பு, ஃபுளூரைடு ஆவி, இரண்டுமே உயிருக்கு ஆபத்து. அதற்குப் பதிலாகத் தாமிர சல்பேட் கரைசலில் இரண்டு கரிக்குச்சிகளை வைத்து மின்னாற்பகுப்பைக் காட்டுங்கள். ஒரு குச்சியில் தாமிரம் படிவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள்.

ஈயப் போசியில் புளிக்குழம்பு வைக்கலாமா?

முதலில் பெயர். நம் பக்கம் பலர் அலுமினியத்தையே 'ஈயம்' என்கிறார்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். காரீயம் இன்னொன்று, அது நஞ்சு. அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். மறுபடியும் நம் குருந்தத்தின் உறவுதான். புளியும் தக்காளியும் அந்தப் படலத்தை மெல்லக் கரைக்கும், சோடா உப்பு இன்னும் வேகமாகக் கரைக்கும். சோறு வடிக்கவும் தண்ணீர் காயவைக்கவும் தடையில்லை. புளிக்குழம்பை மண்சட்டியிலோ எவர்சில்வரிலோ வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் இரவெல்லாம் விட்டுவைக்க வேண்டாம்.

கரியே இல்லாமல் அலுமினியம் செய்ய முடியாதா?

முடியும் என்று நம்பித்தான் பலர் உழைக்கிறார்கள். கரையாத நேர்மின்வாய் கிடைத்தால் தொட்டியில் இருந்து கார்பன் டைஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனே வெளிவரும். 2018இல் அலுமினியம் நிறுவனங்களான அல்கோவாவும் ரியோ டின்டோவும் இதற்காகக் கனடாவில் ஒரு கூட்டு நிறுவனத்தை அறிவித்தன. சிக்கல் என்னவென்றால், கரியின் உதவி போய்விடுவதால் வினைக்கே கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். 960 டிகிரியில் ஃபுளூரைடும் ஆக்சிஜனும் சேர்ந்து தாக்கும்போது தாங்கும் பொருள் எளிதில் அமையாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: கரித்தேய்மானத்தால் வெளிவருவது ஒரு டன்னுக்கு ஒன்றரை டன் கார்பன் டைஆக்சைடு, அந்த மின்சாரம் நிலக்கரியில் இருந்து வந்தால் அதற்காகப் பத்து டன்னுக்கு மேல். எனவே மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே பெரிய கேள்வி.

கோவையில் பவுண்டரிகளில் உருக்குகிறார்களே, அதுவும் இதே முறையா?

இல்லை. அங்கே ஏற்கெனவே உலோகமான அலுமினியத்தை 660 டிகிரிக்கு மேல் உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். ஆக்சிஜனைப் பிரிக்கும் வேலை எங்கோ ஒரு மின்தொட்டியில் முன்பே முடிந்துவிட்டது. அதனால் பழைய அலுமினியத்தை மறுபடி உருக்கப் புதிதாகச் செய்வதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல்தான் ஆகும். நம் பம்ப் மோட்டாரின் உள்ளே சுழலும் பாகமான ரோட்டார் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். எஃகுத் தகடுகளின் துளைகளில் அலுமினியம் வார்த்து இரு முனையிலும் வளையமாக இணைத்திருப்பார்கள். மின்சாரத்தால் பிறந்த உலோகம் அங்கே மறுபடி மின்சாரத்தைச் சுமக்கிறது.

அப்படியானால் பழைய இரும்புக்கடையில் எல்லா அலுமினியத்தையும் ஒன்றாகப் போடலாமா?

போட வேண்டாம். இதைப் பவுண்டரிக்காரர்களுக்குக் கெஞ்சியே சொல்வேன். மின்கம்பியில் இருப்பது 99.5 சதவீதத்துக்கு மேல் சுத்தமான அலுமினியம். எஞ்சின் உறையிலும் பம்ப் உறையிலும் இருப்பது பெரும்பாலும் சிலிக்கான் கலந்த வார்ப்பு அலுமினியம். இரண்டையும் ஒரே உலையில் போட்டுவிட்டால் சிலிக்கானையும் இரும்பையும் பின்னர் எரித்து நீக்க முடியாது. காற்றை ஊதினால் அவற்றுக்கு முன் அலுமினியம்தான் எரியும். அந்தக் கலவையை ரோட்டாருக்கு வார்த்தால் மின்கடத்தல் குறைந்து மோட்டார் சூடேறும். கம்பி தனி, பாத்திரம் தனி, வார்ப்பு தனி என்று மூன்று சாக்கில் கட்டிக் கொடுங்கள். வார்ப்புத் துண்டில் இரும்பு போல்ட் மாட்டியிருந்தால் காந்தத்தை வைத்துப் பார்த்துக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.